பரிச்சயம், அவ்வளவுதான்

பெங்களூருக்குக் கடல் கிடையாது. அதனால் நோராவின் வீட்டில் அந்த ஏரிக்கரைக்குத்தான் பீச் என்று பெயர். மகள் ஆஞ்சலா பேசக் கற்றுக்கொண்ட வயதில் வைத்த பெயர். அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் மாறவில்லை. விமான நிலையத்தின் கோடிச் சுவருக்கு இப்பால், ராகி விதைத்த வயல்களை ஒட்டி, பாதி தண்ணீரும் பாதி ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கிற ஏரி அது. கரையில் பாயை விரித்து உட்கார்ந்தால், இறங்க வரும் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தலைக்கு மேலேயே போகும். சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரம் மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்ததும் நோரா வீட்டுக்கு வந்து மஞ்சள் சோறும் உருண்டைக் கறியும் கட்டுவாள். கணவன் ஓஸ்வால்ட் பழைய ஆம்னி வேனைத் துடைத்து வைப்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுவதும் இருட்டுக் குழிக்குள் இறங்கி ஏறுகிற ஆளுக்கு வெட்டவெளி என்றால் உயிர். போகிற வழியில் பிரேசர் டவுனில் மசூதிக்குப் பக்கத்துத் தெருமுனையில் ஃபாத்திமா நின்றுகொண்டிருப்பாள். ஒரு கையில் கைமா சமோசாப் பொட்டலம், தோளில் கேமரா பை.

ஃபாத்திமாவும் நோராவும் ஒரே கான்வென்டில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அப்போது விமானங்கள் பழைய ஏர்போர்ட்டில்தான் இறங்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று இருவரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நோராவுக்கு அது வேடிக்கை. ஃபாத்திமாவுக்கு அது பிடித்துக்கொண்டது. பெரியவளாகி ஒரு சின்ன நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனாள். இருட்டறையில் எலும்புகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் வானம் வேண்டும் என்பாள். யாரோ கல்யாண போட்டோகிராபர் விற்ற கேமராவையும் நீள லென்ஸையும் வாங்கி வைத்திருந்தாள். புர்காவின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, லென்ஸைக் குழந்தையைத் தாங்குவதுபோல் தாங்கி, மூச்சைப் பிடித்துப் படம் எடுப்பாள். எந்த விமானம், எந்த ஊரிலிருந்து வருகிறது என்று ஆஞ்சலாவுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆஞ்சலா அவளை விட்டு நகர மாட்டாள்.

அந்த ஆடி மாத ஞாயிறன்று காற்று பேய்த்தனமாக அடித்தது. மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து, நாலு தூறல் போட்டுவிட்டுக் கலைந்தது. கரையில் வழக்கமான கூட்டம்தான். ரிட்டையரான பேங்க் மேனேஜர் ஒருவர் மடக்கு நாற்காலியும் பைனாகுலருமாக வருவார். ஐ.டி. பையன்கள் சிலர் போனில் விமானத்தின் வழியைப் பார்த்து ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொள்வார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள், கொய்யாக்காய் விற்பவர், சுருமுரி என்கிற மசாலாப் பொரி வண்டி. இந்தக் காற்றில் ஒவ்வொரு விமானமும் இறக்கையை ஆட்டிக்கொண்டு, விழுந்துவிடுமோ என்று தோன்றும்படி இறங்கியது. ஒவ்வொன்று இறங்கி முடித்ததும் கூட்டம் கைதட்டியது.

கரைக்கு எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஓர் அபார்ட்மென்ட் எழும்பி நின்றது. அங்கிருந்து அரை டிராயரும் ஓட்டத்துக்கான ஷூவும் போட்ட ஒரு மனிதர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பேங்க் மேனேஜரைத் தாண்டினார். ஃபாத்திமாவுடையதைவிட நீளமான லென்ஸ் வைத்திருந்த பையன்களைத் தாண்டினார். நேராக ஃபாத்திமாவின் முன்னால் வந்து நின்றார். யாருக்காக எடுக்கிறாய், படங்கள் எங்கே போகின்றன, ஐ.டி. கார்டு எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். போனில் வீடியோ அவள் முகத்துக்கு நேராக ஓடிக்கொண்டே இருந்தது.

ஃபாத்திமா பொறுமையாகக் கேமராவைத் திருப்பிப் படங்களைக் காட்டினாள். சமோசா பரிமாறிக்கொண்டிருந்த நோராதான் எழுந்தாள்.

“சார், இங்க எல்லாரும்தான் எடுக்கறாங்க. இவங்களை மட்டும் எதுக்குக் கேக்கறீங்க?”

தமிழைக் கேட்டதும் அவர் முகம் இளகியது. “மேடம் நீங்க தமிழா? உங்களை ஒண்ணும் சொல்லல மேடம். நீங்க உக்காருங்க.”

உங்களை ஒன்றும் சொல்லவில்லை என்ற அந்த மரியாதை, செருப்பால் அடித்ததுபோல் நோராவின் மேல் விழுந்தது. அவள் பதில் சொல்வதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. ஏற்கெனவே போன் பண்ணிவிட்டுத்தான் அவர் இறங்கி வந்திருக்கிறார்.

அந்த மனிதரைப் பார்த்ததும் ஓஸ்வால்ட் வேனுக்குப் பின்னால் ஒதுங்கியதை நோரா கவனித்தாள். அப்போது அவளுக்குக் காரணம் புரியவில்லை. ஜீப்பில் ஃபாத்திமாவை ஏற்றியபோது நோரா தானும் ஏறி உட்கார்ந்தாள். ஓஸ்வால்ட் மகளை அழைத்துக்கொண்டு வேனில் பின்னால் வந்தான்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார். கம்ப்ளெயின்ட் வந்தால் விசாரித்தாக வேண்டும் என்றார். கேமராவையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஃபாத்திமாவின் அப்பா பெயர், அண்ணனின் தொழில், வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் உண்டா என்று கேட்டார். அண்ணனுக்குச் சிவாஜிநகரில் துணிக்கடை என்றதும் எந்தத் தெரு, யார் யார் வந்து போவார்கள் என்று கேள்விகள் நீண்டன. நோராவிடம் ஒரு கேள்வியும் இல்லை. பிறகு அவர் வாசலில் நின்ற ஓஸ்வால்டைக் கூப்பிட்டு, இந்த அம்மாள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் அந்த அரை டிராயர்காரர் உட்கார்ந்து இதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பரிச்சய, அஷ்டே சார்,” என்றான் ஓஸ்வால்ட்.

தெரியும், அவ்வளவுதான். ஃபாத்திமா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் எதிர்பாராத இடத்தில் ஒரு விரிசலைப் பார்த்ததுபோல் கூர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஞ்சலா அப்பாவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

நீங்கள் குடும்பத்தோடு வந்தவர்கள், வீட்டுக்குப் போகலாம் என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். நோரா போகவில்லை. சுவரோரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஓஸ்வால்ட் இரண்டு தடவை வந்து கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிடும் தைரியம் அவனுக்கு வரவில்லை. பொழுது சாயும் நேரத்துக்குத்தான் ஃபாத்திமாவை வெளியே விட்டார்கள். போனைக் கொடுத்தார்கள். கேமராவைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு தருவதாகச் சொன்னார்கள். பிரேசர் டவுனில் வேனிலிருந்து இறங்கும்போது ஃபாத்திமா ஆஞ்சலாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, மீந்த சமோசாப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஓஸ்வால்ட் விஷயத்தைச் சொன்னான். அந்த மனிதர் பெயர் ரகுராம். அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி. அங்கிருக்கிற லிஃப்டெல்லாம் ஓஸ்வால்டின் பொறுப்பு. அவர் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டால் போதும், தன் கதை முடிந்தது என்றான்.

“நான் என்ன பொய்யா சொன்னேன் நோரா? பரிச்சயம்தானே? சொந்தக்காரங்களா அவங்க?”

நோரா சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“லிஃப்ட் குழியில விழுந்து இடுப்பு எலும்பு ஒடைஞ்சு கெடந்தீங்களே, யாரு எக்ஸ்ரே எடுத்தது? ராத்திரி முழுக்க உங்க பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? நானு ஆஞ்சலாவைப் பெத்துட்டு ஆஸ்பத்திரில இருந்தப்ப உங்களுக்குச் சோறு குடுத்து அனுப்புனது யாரு? உங்க எலும்பு உள்ள எப்படி இருக்குன்னு பாத்த பொம்பளைங்க அவ. பரிச்சயமாம்.”

ஓஸ்வால்ட் கெட்டவன் இல்லை. யாரையும் ஏய்த்ததில்லை, குடித்ததில்லை. அதிகாரம் உள்ளவன் முன்னால் உடம்பு தானாகவே கூனிக்கொள்ளும் சுபாவம். அது நோராவுக்கு முன்பே தெரியும். அந்தக் கூனல் இன்னொருத்தியைக் காட்டிக்கொடுக்கும் என்பது மட்டும் அன்றுவரை தெரியாது.

நோரா லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரியில் கேக்குக்கு ஐசிங் போடுகிறாள். புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, ஒரு பிறந்தநாள் கேக்கின் ஓரத்தில் நீலத்தில் அலை போட்டுக்கொண்டிருந்தபோது, கவுன்டரில் நின்ற டோரீன் என்கிற கோவில் சிநேகிதி தன் போனை நீட்டினாள். பாத்தியா, ஏர்போர்ட் கிட்ட ஒருத்தியைப் பிடிச்சிருக்காங்களாம், எல்லா குரூப்பிலேயும் ஓடுது என்றாள். நோரா எட்டிப் பார்த்தாள். ஃபாத்திமாவின் முகம். அவள் கேமராவைத் திருப்பிப் படம் காட்டிய இடம் வெட்டப்பட்டிருந்தது. நோரா எழுந்து கேட்டதும் வெட்டப்பட்டிருந்தது. படத்தின் ஓரத்தில் சமோசாத் தட்டோடு ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அது நோராவின் முழங்கை.

“டோரீன், அந்தக் கை என்னுது,” என்றாள் நோரா. ஐசிங் பை அவள் பிடியில் நசுங்கி, அலை எல்லாம் ஒரே நீலக் குழம்பாகிவிட்டது. டோரீன் அந்த வீடியோவை அழித்தாள். கேக்கைச் சுரண்டி எடுத்து மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் பிரேசர் டவுனுக்குப் போனால் ஃபாத்திமா வீட்டில் இருந்தாள். நர்சிங் ஹோம் டாக்டர் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பேஷன்ட்கள் கேட்கிறார்களாம். உன்மேல் சந்தேகமில்லை, ஆனால் கொஞ்சம் அடங்கட்டும் என்றாராம். அண்ணன் கடையிலும் யாரோ இருவர் வந்து துணி வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபாத்திமா இதையெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப்போல் சொன்னாள். அவள் அழுதிருந்தால் நோராவுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

சனிக்கிழமை நோரா லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி அந்த அபார்ட்மென்டுக்குப் போனாள். அசோசியேஷன் ஆபீஸில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ரகுராம் அவளை உட்காரவைத்து, காபி கொண்டுவரச் சொன்னார். தான் திருச்சிக்காரன் என்றார். அவர் தலைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பெரிய பெரிய விமானப் படங்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன. சக்கரம் நீட்டிய விமானம், மழையில் விமானம், சூரியனுக்குக் குறுக்கே விமானம்.

இதெல்லாம் யார் எடுத்தது என்று நோரா கேட்டாள். இங்கே குடியிருப்பவர்கள் பால்கனியிலிருந்து எடுத்தது, வருஷா வருஷம் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறோம், இந்த வியூவுக்காகத்தானே எல்லாரும் இங்கே வீடு வாங்கியது என்று அவர் பெருமையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்ததுபோல் இருந்தது.

“அப்ப பால்கனிலேர்ந்து எடுத்தா வியூ. கரைலேர்ந்து எடுத்தா உளவு. அப்படித்தானே சார்?”

இது தனிப்பட்ட விஷயம் இல்லை, பாதுகாப்பு விஷயம் என்றார். வீடியோவைத் தங்கள் குரூப்பில் எப்போதோ அழித்தாகிவிட்டது என்றார். உங்கள் குரூப்பில் அழித்தீர்கள், ஊரில் யார் அழிப்பது என்று நோரா கேட்டாள். போலீஸ் விசாரித்ததில் ஒன்றும் இல்லை, தவறு எங்களுடையது என்று அதே குரூப்பில், அவள் பெயரைச் சொல்லிப் போடுங்கள், அது போதும் என்றாள். ரகுராம் காபியை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

“மேடம், நான் என்னன்னு போட முடியும்? எனக்கு அவங்க யாருன்னு தெரியாது. உங்க ஹஸ்பண்ட் நம்ம லிஃப்ட் ஆள்தானே? அவரே ஸ்டேஷன்ல சும்மா பழக்கம்னுதானே சொன்னாரு. கூட வந்தவரே பொறுப்பு எடுத்துக்கலன்னா நான் எப்படி எடுத்துக்கறது?”

வாயில் வந்த வார்த்தைகளெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் செல்லாமல் போயின. காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கை வீடு வரும்வரை தளரவில்லை. அந்த மனிதர்மேல் இருந்த கோபத்தைவிட, அவருக்கு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தவன்மேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது.

ஓஸ்வால்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நோரா நின்றபடியே ரகுராம் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பிறகு தன் பங்குக்கு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்ப் படுத்தாள். அவன் தட்டில் கையை வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக ஆஞ்சலா பிறகு சொன்னாள்.

கேமராவை வந்து வாங்கிக்கொள்ளும்படி ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது, நோராவோடு நானும் வருகிறேன் என்று ஓஸ்வால்டே சொன்னான். ஃபாத்திமா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. சப் இன்ஸ்பெக்டர் கேமராவை மேஜைமேல் வைத்தார். மறுபடி சிக்கல் வரக்கூடாதே என்று உள்ளே இருந்த படங்களையெல்லாம் தாங்களே அழித்துவிட்டதாக, உதவி செய்தவர்போல் சொன்னார். ஃபாத்திமா கேமராவை இயக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருந்தன. அவள் அதை அணைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

ஓஸ்வால்ட் அப்போது முன்னால் வந்தான். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, இவர் எங்கள் குடும்பத்து மனுஷி, என் கல்யாணத்தன்றிலிருந்து தெரியும், இவருக்காக எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்று கன்னடத்தில் சொன்னான். சப் இன்ஸ்பெக்டர் போனிலிருந்து தலையைத் தூக்கி, இப்போது உன்னை யார் கேட்டார்கள், கேஸே இல்லையே, கிளம்புங்கள் என்றார்.

வெளியே வந்து வேன் பக்கத்தில் நின்றார்கள். ஓஸ்வால்டின் முகம் வெளுத்திருந்தது. நோராவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, ஆனால் அதைக் காட்டவில்லை. “கேக்காத எடத்துல சொல்லிட்டீங்க. கேட்ட எடம் ஒண்ணு இருக்கு,” என்றாள்.

அவன் தலையசைத்தான். அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு, அதே வேனில் அந்த அபார்ட்மென்டுக்குப் போனான். அங்கே என்ன நடந்தது என்பது அவன் பிறகு சொல்லித்தான் தெரியும். கமிட்டி மீட்டிங்குக்காக ஆட்கள் கூடியிருந்தார்களாம். ரகுராம், லிஃப்ட் எதுவும் ரிப்பேர் இல்லையே என்றாராம். லிஃப்டுக்காக வரவில்லை என்று ஓஸ்வால்ட் சொல்லியிருக்கிறான். ஸ்டேஷனில் நான் பயந்துபோய்ச் சொன்ன பொய்யை வைத்துத்தானே நீங்கள் என் மனைவிக்குப் பதில் சொன்னீர்கள், அந்தப் பொய்யைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வந்தேன், இனிமேல் உங்களுக்கு அது உதவாது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறான். பெயரைச் சொன்னானாம், வேலையைச் சொன்னானாம், எத்தனை காலச் சிநேகிதம் என்று சொன்னானாம். யாரும் பேசவில்லை. ஒரு வயதான அம்மாள் மட்டும் உட்காரச் சொன்னாராம். அவன் உட்காரவில்லை.

மறுநாள் அந்தக் குரூப்பில் ஒரு வரி வந்தது. ஏரிக்கரை விஷயம் முடிந்தது, யாரும் மேற்கொண்டு பரப்ப வேண்டாம். பெயர் இல்லை, வருத்தம் இல்லை. அந்த வாரமே கம்பெனி ஓஸ்வால்டை ஊரின் மறுகோடிக்கு மாற்றியது. வாடிக்கையாளரிடம் மரியாதைக் குறைவாம். இனி விடியும் முன்னே கிளம்பி இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆஞ்சலா அவனோடு மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள்.

நோரா இதையெல்லாம் சொல்ல ஃபாத்திமாவின் வீட்டுக்குப் போனாள். கீழே அண்ணன் குழந்தைகளின் கூச்சல் தாங்காமல் இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். காற்று அடங்கியிருந்தது. சுற்றிலும் நெருக்கி நெருக்கி மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடிகளில் துணிகள். ஃபாத்திமா எல்லாவற்றையும் கேட்டாள்.

“ஓஸ்வால்ட் நல்லது பண்ணாரு. சொல்லு அவருகிட்ட. டாக்டரும் திங்கக்கிழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாரு.” கொடியில் ஒரு துணியைச் சரிசெய்தாள். “ஆனா பீச்சுக்கு நான் வரல நோரா.”

“இன்னும் கோவமா?”

“கோவமில்ல. அங்க வந்தா நான் மேல பாக்கணும். இனிமே முடியாது. யாரு வராங்க, யாரு போனைத் தூக்கறாங்கன்னு சுத்திச் சுத்திப் பாத்துட்டே இருப்பேன். அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்?”

அந்த நேரம் பழைய ஏர்போர்ட் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர் சத்தம் கிளம்பியது. ஃபாத்திமாவின் தாடை பழக்கத்தில் தானாக உயர்ந்தது. பாதியில் நின்றது. அவள் கண்கள் முதலில் எதிர்மாடிக்குப் போயின, அப்புறம் பக்கத்து மாடிக்கு, அப்புறம் தெருவுக்கு. சொந்த வீட்டு மாடியில், ஆகாயத்தைப் பார்ப்பதற்கு முன்னால், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள்.

நோராவுக்குக் கோபம் வந்தது. ஸ்டேஷனிலும் பேக்கரியிலும் அந்த ஏ.சி. அறையிலும் வராத கோபம் அது. அவள் கைப்பிடிச் சுவருக்குப் போய், ஃபாத்திமாவுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு மாடியாக முறைத்தாள். எதிர்மாடியில் துணி காயப்போட வந்த ஒரு மனிதர், தன்மேல் என்ன குற்றமென்று தெரியாமல், ஈரத் துணியோடு அவசரமாக உள்ளே போய்விட்டார்.

“நான் சுத்திப் பாத்துக்கறேன்,” என்றாள் நோரா, திரும்பாமல். “நீ மேல பாரு.”

சத்தம் தலைக்கு மேலே வந்து, தாண்டி, மெல்லத் தேய்ந்தது. பின்னால் ஃபாத்திமா பார்த்தாளா இல்லையா என்று நோராவுக்குத் தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிடுச்சு,” என்றது ஃபாத்திமாவின் குரல், வெகுநேரம் கழித்து.

“இன்னொண்ணு வரும்,” என்றாள் நோரா. நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை.